கேம் டெவலப்மென்ட் பட்டப்படிப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்ன வயதிலிருந்தே வீடியோ கேம் மீது ஆசை. கல்லூரியில் கேம் டெவலப்மென்ட் படிக்க நினைக்கிறேன். வீட்டில், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கணக்கில் நான் சுமார்தான். எதை எடுக்கட்டும்?"

பதினான்கு வருடமாக கேம் புரோகிராமராக இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் உட்காருகிறேன். மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்களை மதிப்பிடவும் வருடா வருடம் போய்வருகிறேன். இந்தக் கேள்வியை நிறையப் பேர் நேரிலும் கேட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் படிப்பில் சேர்ந்தால் சின்னச் சின்ன கேம்களை, மற்றவர்களோடு சேர்ந்து, அதிக எண்ணிக்கையில் முழுதாக முடிப்பீர்களோ அதில் சேருங்கள். அப்படி முடிக்க வைக்கிற கேம் படிப்பு உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து, முடிக்கிற வேலையை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதை நான் பார்த்ததில்லை. முடிந்துபோன ஒரு கேமைப் பார்த்துக் கொடுத்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி விவரம். 'கேம் டெவலப்மென்ட்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல தொழில்கள் இருக்கின்றன. கோட் எழுதுகிறவர், படம் வரைகிறவர், முப்பரிமாண உருவங்கள் செய்கிறவர், அவற்றுக்கு அசைவு கொடுக்கிறவர், விதிகளையும் லெவல்களையும் வடிவமைக்கிற டிசைனர், ஒலி அமைப்பவர், பிழை தேடும் டெஸ்டர், இவர்கள் எல்லாரையும் ஒரு தேதிக்குள் கொண்டுவந்து நிறுத்தும் தயாரிப்பாளர் எல்லாரும் அதற்குள் அடக்கம். கல்லூரிகளும் இதே பெயரில்தான் வேறு வேறு படிப்புகளை நடத்துகின்றன. பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து முதல் இரண்டு வருடங்களைப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், லீனியர் அல்ஜீப்ரா, ஆபரேட்டிங் சிஸ்டம், சி பிளஸ் பிளஸ் என்று இருந்தால் அது புரோகிராமருக்கான படிப்பு. ஓவியம், உடற்கூறு, வண்ணம், மாடலிங், அனிமேஷன் என்று இருந்தால் ஆர்ட்டிஸ்டுக்கானது. இரண்டிலும் இல்லாமல், பாடத்தின் பெயர்களே மென்பொருள்களின் பெயர்களாக இருந்தால் அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மென்பொருள் மாறிவிடும். அதைப் பயன்படுத்தும் பயிற்சியைக் காணொளிகளைப் பார்த்தே பெற்றுவிடலாம். அதற்காகக் கல்லூரி வருடங்களைக் கொடுப்பது நஷ்டம்.

நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸோடு ஒப்பிட்டுக் கேட்பதால் புரோகிராமிங் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற பக்கங்களைப் பிறகு தொடுகிறேன்.

கணக்கு என்ற பயத்திலிருந்து தொடங்கலாம். கேம் புரோகிராமிங்கில் எந்த மாதிரிக் கணக்கு வருகிறது என்பதை ஒரு உதாரணத்தோடு காட்டினால்தான் உங்களுக்குப் புரியும். ஒரு கதாபாத்திரம் வலப்பக்கம் நடக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும், 5 பிக்சல் நகர்த்துவார். அவருடைய திரை நொடிக்கு 60 ஃபிரேம் காட்டுகிறது. கதாபாத்திரம் நொடிக்கு 300 பிக்சல் நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். அதே கேமை 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 144 ஃபிரேம் காட்டும் திரை உள்ள நண்பரிடம் கொடுத்தால் நொடிக்கு 720 பிக்சல் ஓடும். கேம் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகி, விளையாடவே முடியாமல் போய்விடும். சரி செய்வது எளிது. வேகத்தை 'நொடிக்கு 300 பிக்சல்' என்று வைத்துக்கொண்டு, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடையில் கழிந்த நேரத்தால் பெருக்க வேண்டும். பள்ளியில் படித்த 'தூரம் என்பது வேகத்தை நேரத்தால் பெருக்குவது' என்ற அதே கணக்குதான்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. இப்போது நொடிக்கு 3,000 பிக்சல் போகும் ஒரு தோட்டாவைச் சேர்க்கிறீர்கள். 60 ஃபிரேமில் அது ஒவ்வொரு தடவையும் 50 பிக்சல் தாவும். சுவரின் தடிமன் 20 பிக்சல். ஒரு ஃபிரேமில் தோட்டா சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும், அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கம் நிற்கும். சுவரைத் தொட்ட கணம் என்று ஒன்று கணினிக்குத் தெரியவே தெரியாது. அதனால் தோட்டா இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதாது. பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு சுவரை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கோடுகள் வெட்டுமா என்ற கேள்வி பள்ளியில் வந்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. இங்கே வந்தபோது அதற்காக ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. ஒரு காவலாளி ஒரு திசையைப் பார்த்து நிற்கிறான். விளையாடுகிறவர் அவன் கண்ணில் படுகிறாரா? காவலாளி பார்க்கும் திசையை 1 அலகு நீளமுள்ள ஒரு வெக்டராக, அதாவது திசை காட்டும் ஒரு அம்பாக வையுங்கள். அவனிடமிருந்து ஆட்டக்காரர் இருக்கும் திசையையும் அதேபோல் வையுங்கள். இரண்டுக்கும் புள்ளிப் பெருக்கல் (டாட் புராடக்ட்) எடுத்தால் ஒரே ஒரு எண் வரும். நேர் எதிரே இருந்தால் 1, பக்கவாட்டில் இருந்தால் 0, முதுகுக்குப் பின்னால் இருந்தால் -1. 60 டிகிரி விலகியிருந்தால் 0.5. ஆகவே அந்த எண் 0.5-ஐ விட அதிகமாக இருந்தால், இரண்டு பக்கமும் 60 டிகிரி விரிந்த பார்வைக்குள் ஆட்டக்காரர் இருக்கிறார். அவ்வளவுதான். ஒளிந்து விளையாடும் கேம்களில் எதிரியின் கண்ணுக்கு அடிப்படை இந்த ஒரு வரி. நடுவில் சுவர் மறைக்கிறதா என்று பார்க்க, தோட்டாவுக்குப் போட்ட அதே கோடு.

கணக்கில் சுமார் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு, கணக்கு எதற்கு என்று யாரும் காட்டவில்லை என்பதுதான் குறை. வெக்டர், மேட்ரிக்ஸ், முக்கோணவியல், கொஞ்சம் நிகழ்தகவு இவை நன்றாக வர வேண்டும். தேர்வில் நூறு வாங்க வேண்டியதில்லை. தேவைப்படும்போது உட்கார்ந்து பிடிவாதமாகக் கற்றுக்கொள்ளும் பொறுமை வேண்டும். கிராபிக்ஸ் புரோகிராமராகவோ, பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் இயற்பியல் எஞ்சின் எழுதுகிறவராகவோ ஆக வேண்டுமென்றால் மட்டும் நிஜமாகவே ஆழமான கணிதம் தேவை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிப்படை எதற்கு என்பதற்கும் ஒரு எண் போதும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.6 மில்லி செகண்ட். எதிரிகள் யோசிப்பது, மோதல்களைக் கணக்கிடுவது, அசைவு, ஒலி, படம் வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வேறு மென்பொருள்களில் ஒரு பொத்தானை அழுத்தி அரை நொடி தாமதமானால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கேமில் 30 மில்லி செகண்ட் தடுமாறினாலே கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கி சுடும்போதெல்லாம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிதாக நினைவகம் ஒதுக்கி, பிறகு குப்பையில் போட்டால், அந்தக் குப்பையை அள்ள கணினி அவ்வப்போது நின்று தடுமாறும். முன்கூட்டியே இருநூறு தோட்டாக்களைச் செய்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது, நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவருக்கு உடனே தோன்றும். படிக்காதவர் எங்கே இடிக்கிறது என்று வாரக்கணக்கில் தேடுவார். உங்கள் வீட்டில் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அப்படியென்றால் கேம் படிப்பு எதற்கு? கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் கிடைக்கவே கிடைக்காத ஒன்று நல்ல கேம் படிப்பில் கிடைக்கும். புரோகிராமரும் ஆர்ட்டிஸ்டும் டிசைனரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு தேதிக்குள் ஒரு கேமை முடித்தே ஆக வேண்டிய கட்டாயம். அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005-இல் இறுதியாண்டு புராஜெக்டாக 'நார்பாக்குலர் டிராப்' என்று ஒரு சின்ன கேம் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்தால் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வரலாம், அதை வைத்துப் புதிர்களை அவிழ்க்க வேண்டும். கல்லூரியின் வேலைவாய்ப்பு நாளில் அதைப் பார்த்த வால்வ் நிறுவனத்தார், குழுவையே தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வேலை கொடுத்தார்கள். அந்த யோசனைதான் 2007-இல் 'போர்ட்டல்' ஆக வெளிவந்தது. பிறகு அதே கல்லூரியில் இன்னொரு மாணவர் குழு, தரையில் பெயின்ட் அடித்தால் அதன் மேல் வேகமாக ஓடவும் துள்ளவும் முடிகிற ஒரு கேமைச் செய்தது. அவர்களையும் வால்வ் சேர்த்துக்கொண்டது. 2011-இல் வந்த 'போர்ட்டல் 2'-வில் தரையில் பரவும் வண்ண ஜெல்கள் அங்கிருந்து வந்தவை.

இந்தக் கதையைச் சொன்னவுடன் 'பெரிய கல்லூரி, பெரிய நிறுவனம்' என்றுதான் எல்லாருக்கும் மனதில் பதிகிறது. நான் பார்க்கச் சொல்வது அந்த கேம்களின் அளவை. இரண்டுமே ஒரே ஒரு யோசனை. அதை மட்டும் எடுத்து, அதன் எல்லா மூலைகளையும் தடவிப் பார்த்து, முடித்துக் காட்டினார்கள்.

இதன் எதிர்ப்பக்கத்தை நானே அனுபவித்திருக்கிறேன். என் இறுதியாண்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு முழு நகரத்தைச் செய்யப் போனோம். வண்டி ஓட்டலாம், கடைகளுக்குள் போகலாம், வானிலை மாறும் என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தோம். எட்டு மாதம் உழைத்தோம், அதில் பொய்யில்லை. நாற்பது கட்டடங்களுக்கு மேல் மாடல் செய்தோம். கோப்புகளைப் பென் டிரைவில்தான் மாற்றிக்கொண்டோம். சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒருவருடைய பழைய கோப்பு இன்னொருவருடைய புதிய கோப்பின் மேல் விழுந்து, பதினோரு நாள் வேலை போய்விட்டது. கடைசியில் நடுவர்கள் பார்த்தது, ஆளில்லாத தெருக்களில் ஒரு உருவம் சும்மா நடந்துகொண்டிருப்பதை. செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பக்கத்து மேசையில் இருந்த குழுவின் கேம் ஒரே ஒரு அறை. கையில் ஒரு டார்ச், அதில் தீர்ந்துகொண்டே வரும் பேட்டரி. பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குத் தொடக்கத் திரை இருந்தது, ஒலி இருந்தது, தோற்றால் மறுபடி ஆடலாம், முடிவும் இருந்தது. நடுவர்கள் அங்கே வரிசையில் நின்று விளையாடினார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கோப்புகளின் பழைய பதிப்புகளையும் பத்திரமாக வைத்திருக்கும் கிட் (Git) போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்வது ஒன்று. மாணவர்கள் 'ஓப்பன் வேர்ல்ட்', 'ஆன்லைன் மல்டிபிளேயர்' என்று ஆரம்பித்தால் அவர்களோடு உட்கார்ந்து அதைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பது இன்னொன்று. குறைக்கும்போது அவர்கள் முகம் வாடுவது தெரியும். இருந்தாலும் குறைப்பேன். ஏனென்றால் கேமில் கடைசி இருபது சதவீத வேலையில்தான் கற்க வேண்டியது பெரும்பகுதி இருக்கிறது. மெனு, ஒலி அளவு, சேமிப்பது, நடுவில் நிறுத்துவது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று புதியவருக்குச் சொல்லாமல் சொல்வது எல்லாம் அங்கேதான் வருகின்றன. பாதியில் நிற்கும் பத்து கேம் செய்தவருக்கு இந்தப் பகுதி கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

இன்னொருவர் விளையாடப் பார்ப்பதையும் கல்லூரியில்தான் பழக வேண்டும். அங்கேதான் கேட்டவுடன் உட்கார்ந்து விளையாட நூறு பேர் கிடைப்பார்கள். போன முறை மதிப்பிடப் போனபோது ஒரு மாணவி மேடை விட்டு மேடை தாவும் கேம் ஒன்று செய்திருந்தார். ஒருவரை உட்கார வைத்து விளையாடச் சொன்னோம். அவர் மேடையின் ஓரம் வரை ஓடிவந்து தாவினார், விழுந்தார். மறுபடியும் விழுந்தார். "கொஞ்சம் முன்னாடியே அழுத்தணும்," என்று மாணவி பின்னாலிருந்து சொன்னார். நான் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, விளையாடுகிறவரின் விரலைப் பார்க்கச் சொன்னேன். ஏழாவது தடவை அவர் விழுந்தபோது மாணவிக்கே பிடிபட்டது. கால் மேடையை விட்டு விலகிய ஓரிரு ஃபிரேம் கழித்துத்தான் விளையாடுகிறவர் பொத்தானை அழுத்துகிறார். அவர் மனதில் அவர் இன்னும் மேடையில்தான் இருக்கிறார். கணினியின் கணக்கில் காற்றில் இருக்கிறார். தாவல் நடக்கவில்லை.

இதற்குத் துறையில் ஒரு பழைய தீர்வு உண்டு. கால் விலகிய பிறகும் சிறிது நேரம் தாவலை அனுமதிப்பது. 'கயோட்டி டைம்' என்பார்கள். 2018-இல் வந்த 'செலஸ்ட்' கேமில் இந்தச் சலுகை 0.1 நொடி. அதன் கதாநாயகியை நகர்த்தும் புரோகிராமை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள், எடுத்துப் படிக்கலாம். மாணவி அன்று மாலையே தன் கேமில் 0.1 நொடியைச் சேர்த்தார். மொத்தம் நான்கு வரி கோட். மறுநாள் அதே ஆள் வந்து விளையாடி அந்த இடத்தை மூன்றாவது முயற்சியில் கடந்தார். "நேற்றைவிட இன்றைக்கு நான் நன்றாக ஆடுகிறேன்," என்றார். ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. மாணவியின் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது. இந்தத் தொழிலில் நம்மைப் பிடித்து வைத்திருப்பதே இது மாதிரி நிமிடங்கள்தான்.

சரி, ஒரு கேம் படிப்பு நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரக் கையேட்டில் பளபளப்பான ஆய்வகப் படங்கள் இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். போன வருடம் முடித்தவர்கள் செய்த கேம்களைக் கேளுங்கள். வீடியோவாகக் காட்டினால் போதாது. இறக்கி, உங்கள் கணினியில் நீங்களே விளையாட வேண்டும். ஒரு நல்ல கல்லூரி இதைக் கேட்டால் பெருமையோடு கொடுக்கும். தயங்கினால் அதுவே பதில். பிறகு, படிப்பு முழுவதிலும் எத்தனை குழுப் புராஜெக்ட் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஆசிரியர்களில் எத்தனை பேர் கேம் ஒன்றை முடித்து வெளியிட்ட அனுபவம் உள்ளவர்கள் என்று கேளுங்கள். இன்னொன்றை நிறையப் பேர் கேட்க மறந்துவிடுகிறார்கள்: மாணவர்கள் செய்யும் கேமின் உரிமை யாருக்கு? சில கல்லூரிகளில் அது கல்லூரிக்கே சொந்தம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு அந்த கேமை நீங்கள் விற்க முடியாது. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். அரை மணி நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தெரியவரும்.

எந்த எஞ்சின், அதாவது கேம் செய்ய உதவும் எந்த அடிப்படை மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். யூனிட்டி என்றால் சி ஷார்ப், அன்ரியல் என்றால் சி பிளஸ் பிளஸும் கட்டங்களை இணைத்து நிரல் அமைக்கும் புளூபிரிண்டும், கொடோ என்றால் இலவசம், திறந்த மூலம், ஆரம்பிக்கிறவருக்கு லேசானது. ஒன்றில் நன்றாகக் கை பழகினால் அடுத்தது சில வாரங்களில் வந்துவிடும். ஒன்றையே நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு 2023 செப்டம்பர் ஒரு பாடம். கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வசூலிப்போம் என்று யூனிட்டி அறிவித்ததும், பல வருடம் அதிலேயே வேலை செய்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு எஞ்சின்களைத் தேடினார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணத்தை நிறுவனமே கைவிட்டது. அடிப்படை தெரிந்தவர்கள் அந்த வாரத்திலும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒரு எஞ்சினின் பொத்தான்களை மட்டும் தெரிந்தவர்கள்தான் தவித்தார்கள்.

டிசைனர் ஆக ஆசையென்றால் ஒரு எச்சரிக்கை. 'என்னிடம் நல்ல ஐடியா இருக்கிறது' என்று வருகிறவர்கள் ஏராளம். ஐடியாவுக்கு மட்டும் இடம் கொடுக்கும் வேலை எங்குமே இல்லை. படித்து முடித்ததும் டிசைனராகச் சேரும் இடங்கள் புரோகிராமர் இடங்களைவிடக் குறைவு. அதனால் டிசைன் படிப்பில் சேர்ந்தாலும் இன்னொரு கைத்தொழில் வேண்டும். கேமுக்குள் ஓடும் சின்ன கோட் (ஸ்கிரிப்ட்) எழுதவோ லெவல் கட்டவோ எண்களைச் சமன் செய்யவோ தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தில் பகடையும் அட்டையும் வைத்து விதிகளைச் சோதித்துப் பழகுங்கள். இருபது நிமிடத்தில் ஒரு விதி சரியா தப்பா என்று தெரிந்துவிடும். கோட் எழுதிப் பார்த்தால் அதற்கு இரண்டு வாரம் ஆகும். டிசைன் பற்றிக் கல்லூரியில் ஆழமாக யோசித்தவருக்கு அது வீண் போவதில்லை. கேம் டிசைனர் ஜெனோவா சென் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு கேம் ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்பத் தன் கடினத்தை எப்படி மாற்றிக்கொள்ளும் என்பது. அதற்காக 2006-இல் செய்த 'ஃப்ளோ' என்ற சின்ன கேமில் தொடங்கிய பயணம், 2012-இல் 'ஜர்னி' வரை வந்தது.

ஆர்ட்டிஸ்ட் பக்கம் சுருக்கமாக: பட்டத்தைவிட போர்ட்ஃபோலியோதான், அதாவது நீங்கள் செய்தவற்றின் தொகுப்புதான் பேசும். எல்லாம் கொஞ்சம் தெரியும் என்பதைவிட ஒன்றில் தேர்ந்திருப்பது நல்லது. கலை, புரோகிராமிங் இரண்டும் பிடிக்குமென்றால், ஆர்ட்டிஸ்டுக்கும் புரோகிராமருக்கும் நடுவில் நிற்கும் 'டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட்' என்ற வேலையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் குழுவிலும் தேவைப்படுகிறார்கள், கிடைப்பதோ அரிது.

இப்போது மனதுக்குக் கஷ்டமான பகுதி. இந்தத் துறையில் வேலை நிலையாக இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. 2023-லும் 2024-லும் உலகம் முழுவதும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பின. அனுபவம் உள்ளவர்களே வேலை தேடும்போது, புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு வாசல் இன்னும் குறுகும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது ராப்பகலாக வேலை வாங்கும் பழக்கமும் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நான் நல்ல குழுக்களில் இருந்திருக்கிறேன், அப்படி இல்லாத ஒன்றிலும் இருந்திருக்கிறேன். அங்கே உடம்பு கெட்டுப்போய் வெளியே வந்தபோது எனக்குக் கைகொடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிப்படைதான். ஒன்றரை வருடம் மருத்துவப் பயிற்சிக்கான சிமுலேஷன் மென்பொருள் எழுதிவிட்டு, பிறகு கேமுக்குத் திரும்பினேன். கேம் எஞ்சின் தெரிந்தவர்களுக்குக் கட்டடக்கலை, வாகன வடிவமைப்பு, விமானிப் பயிற்சி, திரைப்படத் தயாரிப்பு என்று வெளியிலும் வேலை உண்டு. அந்தக் கதவுகளும் திறந்திருக்க வேண்டுமானால் உங்கள் பாடத்திட்டத்தில் அடிப்படைப் பாடங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

வீட்டில் பேசும்போது இதை மறைக்காதீர்கள். "கேம் படித்தால் கை நிறையச் சம்பளம்" என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தால் அது பிறகு உங்கள் மேலேயே பாரமாக விழும். உங்கள் அப்பா அம்மா பயப்படுவது கேமைப் பார்த்து இல்லை, அவர்களுக்குத் தெரியாத ஒரு உலகத்துக்குள் நீங்கள் போகிறீர்களே என்றுதான். நீங்கள் செய்து முடித்த ஒரு சின்ன கேமை அவர்கள் கையில் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். விளையாடுவது வேறு, செய்வது வேறு என்று நான் ஒரு மணி நேரம் பேசினாலும் புரியாதது அதில் புரியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று முடிவானால் வருத்தப்பட வேண்டாம். எரிக் பரோன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. 2011-இல் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல், பயிற்சிக்காகத் தொடங்கிய கேமில் கோட், படம், இசை எல்லாவற்றையும் தனியாளாகச் செய்து, நான்கு வருடத்துக்கும் மேல் உழைத்து 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டார். ஆனால் எல்லாரும் அப்படித் தனியாக இழுத்துவிட முடியாது, அதை உங்களுக்கு வழியாகவும் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஏற்றது கேம் ஜாம். ஒரு தலைப்பைக் கொடுத்து, 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்கச் சொல்வார்கள். லூடம் டேர் 2002-லிருந்தும், குளோபல் கேம் ஜாம் 2009-லிருந்தும் நடக்கின்றன. 'செலஸ்ட்' முதலில் நான்கு நாளில் செய்த ஒரு குட்டி கேம். 'பாபா இஸ் யூ' 2017-இல் ஒரு ஜாமில் பிறந்தது. வருடத்துக்கு மூன்று ஜாம் என்று வைத்துக்கொண்டாலே, படிப்பு முடியும்போது உங்களிடம் ஒன்பது பத்து முடிந்த கேம்கள் இருக்கும். அதில் ஏழு சுமாராக இருக்கும். மீதி இரண்டு மூன்றை எடுத்து மெருகேற்றினால் அதுதான் போர்ட்ஃபோலியோ. ஓவியம் படிக்கிறவர், இசை தெரிந்தவர் என்று கல்லூரியில் கூட்டாளிகளையும் அங்கேதான் கண்டுபிடிப்பீர்கள். அந்த நட்புகள் பிற்பாடு வேலையையே கொண்டுவந்து தரும், எனக்குத் தந்திருக்கின்றன.

நேர்காணலில் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் இருக்கும் கேமை முதலில் திறந்து இரண்டு நிமிடம் விளையாடுவேன். திறக்கவில்லையென்றால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன், மனது கஷ்டமாக இருந்தாலும் நேரம் அவ்வளவுதான். நேரில் வந்ததும் "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்பேன். "நாங்கள்" என்று மட்டும் சொல்கிறவரிடம் திரும்பவும் கேட்பேன். அப்புறம் "எது சரியாக வரவில்லை, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" இந்தக் கேள்விக்கு ஒருவர் கண் விரிய, கையை ஆட்டி, பத்து நிமிடம் பேசினால் மதிப்பெண் பட்டியலை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

முடிவெடுக்க இன்னும் சில மாதம் இருக்கிறதென்றால், அதற்குள் ஒன்று செய்து பாருங்கள். 1972-இல் ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளருக்கு அட்டாரி நிறுவனத்தில் பயிற்சி வேலையாகக் கொடுத்தது ஒரு பந்து, இரண்டு மட்டை. 'பாங்' அப்படித்தான் வந்தது. அதையே கொடோவிலோ யூனிட்டியிலோ நீங்களும் செய்யுங்கள். முதலில் பந்து மட்டையில் பட்டுத் திரும்பினால் போதும். அதை விளையாடினால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். அப்போது ஆல்கார்ன் செய்ததைச் செய்யுங்கள்: மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, நடுவில் பட்டால் பந்து நேராகவும் ஓரத்தில் பட்டால் கோணலாகவும் போகும்படி மாற்றுங்கள். பந்து அடிபட அடிபட வேகம் கூடட்டும். அவருடைய மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டைகள் திரையின் உச்சி வரை போகவில்லை. அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார், ஏனென்றால் அந்த இடைவெளி இல்லாவிட்டால் நன்றாக ஆடும் இருவருக்கு ஆட்டம் முடியவே முடியாது. நீங்களும் அந்த இடைவெளியை வைத்தும் வைக்காமலும் ஆடிப் பாருங்கள். ஒலி சேருங்கள், புள்ளிகள் சேருங்கள், தோற்றவர் மறுபடி ஆட ஒரு பொத்தான் வையுங்கள். பிறகு கேம் பக்கமே வராத ஒருவரை உட்கார வைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் நின்று பாருங்கள். தோற்றதும் அவர் எழுந்து போகிறாரா, நீங்கள் சொல்லாமலே அந்தப் பொத்தானை அழுத்துகிறாரா என்று கவனியுங்கள். எழுந்து போனால் என்ன மாற்றலாம் என்று அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வரவில்லையென்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பேசலாம்.